மதகு வைக்காத கரை

அபர்டீன் பஜார், போர்ட் பிளேர்
20-1-1971

ருக்குவின் அப்பாவுக்கு,

நான் அண்ணன் கோவிந்தராஜ் வீட்டில் இருக்கிறேன். நீங்கள் என்னைத் தேடியிருக்க மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதிவிடுவதுதான் முறை. காலையில் நீங்கள் காட்டுக்குக் கழி வெட்டப் போன பிறகு கிளம்பினேன். ஓடை வழியாக வந்திருந்தால் முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். அந்த ஓடையைத் தாண்ட என் கால் வரவில்லை. மேட்டைச் சுற்றிக்கொண்டு நடந்து, பஸ்ஸைத் தவற விட்டு, அடுத்த பஸ்ஸுக்காக மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் என் பையை வாங்கி உள்ளே வைத்தான். அண்ணி சுசீலா "எத்தனை நாளைக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். ஜவுளிக் கடைக்குப் பின்னால் சாக்கைத் தொங்கவிட்டு எனக்கு ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஏன் போனாய் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நானே சொல்கிறேன். தீபாவளி அமாவாசையன்று கடல் ஏறி, ஓடை நம் குழந்தை ருக்குவைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து நீங்கள் உள்ளுக்குள் வைத்திருந்ததைப் பொங்கலன்று வெளியே கொட்டினீர்கள். "உன் சீனாக்காரப் பேச்சுதான் எம்புள்ளையக் கொன்னுச்சு." எம்புள்ளை என்றீர்கள். நம்ம புள்ளை என்றுகூட உங்கள் வாயில் வரவில்லை.

சீனப் படம் போட்ட அந்தத் தகர டப்பா மூடியை மடியில் வைத்துக்கொண்டு நான் அவளுக்குக் கதை சொன்னது நிஜம்தான். ஒரு கறுப்பு மீன், ஒரு வெள்ளை மீன், ஒன்றை ஒன்று துரத்தி வட்டமாகச் சுருண்டு கிடக்கின்றன. கறுப்பு மீனுக்குள் வெள்ளைப் பொட்டு, வெள்ளை மீனுக்குள் கறுப்புப் பொட்டு. வெளிச்சமும் வேண்டும், இருட்டும் வேண்டும், கரையும் வேண்டும், கடலும் வேண்டும், எதைக் கண்டும் பயப்படாதே என்று சொல்லித்தான் வளர்த்தேன். நீங்களும் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்? ஒரு நாளாவது வேண்டாம் என்று சொன்னீர்களா?

அந்த மூடியைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புங்கள். ரங்கூனை விட்டு எங்களைத் துரத்தியபோது காதில் கிடந்ததைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தகரம் என்பதால் அதை மட்டும் திருப்பிப் போட்டார்கள். அந்த ஊரில் நான் பிறந்து வளர்ந்ததற்கு என்னிடம் வேறு சாட்சி இல்லை.

பாக்கியம்


வண்டூர்
7-2-1971

பாக்கியத்துக்கு நாகமுத்து எழுதிக்கொண்டது.

கடிதம் வந்தது. ருக்குவின் அப்பா என்று இனி எழுதாதே. உறையின் மேலும் அப்படித்தான் எழுதியிருக்கிறாய். தபால்காரர் அதைச் சத்தம் போட்டுப் படித்தார். புருஷன் பேரை எழுதக் கூடாது என்றால் ஒன்றுமே எழுதாமல் விடு.

தேடியிருக்க மாட்டீர்கள் என்று எப்படி எழுதினாய்? தேடினேன். ஓடையில்தான் தேடினேன். இடுப்பளவு சேற்றில் மூங்கிலை விட்டுத் துழாவினேன். இருட்டிய பிறகு பக்கத்து வயல் மண்டல் வந்து, "பாபி பஸ்ல போனாங்க, எங்க வீட்டுல பாத்துச்சு" என்று உன்னைப் பற்றிச் சொன்னான். அதற்கப்புறம்தான் கரையேறினேன். உன் மேல் எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை.

இப்போது நான் செய்கிற வேலையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஓடையின் வாயை அடைக்கிறேன். மேட்டின் அடியிலிருந்து மண்டலுடைய தென்னைகள் வரைக்கும் ஒரே கரை. கழி நட்டு, மட்டை பின்னி, நடுவில் களிமண் போட்டு மிதிக்கிறேன். இனிமேல் கடல் ஏறினால் வெளியே நின்று முட்டிக்கொள்ளட்டும். ஒரு சொட்டு உள்ளே வராது. உப்பு வராவிட்டால் அந்தச் சேற்று நிலமும் வயலாகும். போன வருஷம் பாதி நெல் உப்பில் கருகியது உனக்குத் தெரியும். இந்த வருஷமும் விளையவில்லை என்றால் சர்க்கார் கொடுத்த நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. ஆனால் நான் நிலத்துக்காக மட்டும் அடைக்கவில்லை.

மூடி என்னிடம் இல்லை. கரையின் அடியில் போட்டு மேலே மண்ணைக் கொட்டி மிதித்துவிட்டேன். அந்த இரண்டு மீனும் அங்கேயே கிடக்கட்டும்.

நாகமுத்து


அபர்டீன் பஜார்
25-2-1971

ஒன்றுமே எழுதாமல் விடு என்றீர்கள். அதனால் மேலே ஒன்றும் எழுதவில்லை. மொட்டையாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஓடையில் துழாவினீர்கள் என்று படித்துவிட்டுக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். எனக்காகவா, அவளுக்காகவா, தெரியவில்லை. மூடியைப் புதைத்தீர்கள் என்று படித்ததும் அழுகை நின்றுபோனது. நல்லது, உங்கள் கையால் அதையாவது அடக்கம் செய்தீர்கள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நேற்று அண்ணி என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். எனக்கு மாதம் நின்றது துக்கத்தால் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். துக்கம் இல்லையாம். ஆடி மாதம் பிறக்கும் என்றார்கள். கணக்குப் பார்த்தால், ருக்கு போன அன்றைக்கே இது என் வயிற்றில் இருந்திருக்கிறது.

அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, ருக்குதான் திரும்பி வர்றா" என்றாள். நான் ரோட்டில் நின்று கத்திவிட்டேன். பஜாரே திரும்பிப் பார்த்தது. இது ருக்கு இல்லை. இது வேறு யாரோ. ருக்குவுக்கு மேல் பல்லில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது, சோற்றில் நண்டு இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிடுவாள், அவள் போய்விட்டாள். கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டு என்று இதைத்தான் சொன்னார்களா? அப்படியானால் எனக்கு அந்தப் பொட்டு வேண்டாம். ஒரு பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு இன்னொன்றைக் கையில் திணிப்பதற்குப் பெயர் ஞானம் என்றால் அதன் முகத்தில் காறித் துப்புவேன்.

ரங்கூனில் எங்கள் பக்கத்து வீட்டில் மெய்லான் என்று ஒருத்தி, என் வயசுதான், என்னோடு தாயம் ஆடுவாள். அவர்கள் வீட்டில் தாவோ, தாவோ என்பார்கள். அதற்கு வழி என்று அர்த்தமாம். அவளுக்கும் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தெரியாது. மலையின் நிழல் பக்கம் யின், வெயில் பக்கம் யாங் என்பாள். மலை ஒன்றுதான், மத்தியானம் திரும்பியதும் நிழல் பக்கம் வெயிலாகிவிடும், வெயில் பக்கம் நிழலாகிவிடும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு என் காயை வெட்டிவிடுவாள். எனக்கு அது அப்போது பிடித்திருந்தது. பிள்ளை சாகாதவர்களுக்கு எல்லாமே பிடிக்கும்.

நான் அங்கே வருவதா, இங்கேயே இருப்பதா? எதையாவது சொல்லுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

பாக்கியம்


வண்டூர்
16-3-1971

பாக்கியத்துக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கரைக்குப் போகவில்லை. அப்புறம் முன்னைவிட வேகமாக வேலை செய்தேன்.

அங்கேயே இரு. வராதே. கோபத்தில் சொல்லவில்லை. கரை முடியட்டும். இந்தப் பிள்ளை ஓடையைப் பார்க்கக் கூடாது. ஓடை என்று ஒன்று இருந்ததே அதற்குத் தெரியக் கூடாது. வாசலில் நின்றால் வயல்தான் தெரிய வேண்டும், நல்ல தண்ணீர் நிற்கிற வயல்.

மண்டல் தினமும் வந்து நச்சரிக்கிறான். "பாய், பாணி ஜானே கா ராஸ்தா கஹாங் ஹை?" தண்ணீர் போகிற வழி எங்கே அண்ணே என்று கேட்கிறான். கடல் தண்ணீருக்கு எதற்கடா வழி என்றேன். கடல் இல்லை பாய், மழை என்கிறான். நான் சிரித்துவிட்டேன். நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் ஒரு மழை பெய்தால் அதைக் கண்மாயில் கட்டி வைத்து அடுத்த வருஷம் வரைக்கும் குடிப்போம். கண்மாய் நிறைந்தால் வழிகிற கலுங்கை இரண்டு சாண் உயர்த்துவதா, வேண்டாமா என்று அரிவாளோடு நின்ற ஊர் அது. மழைத் தண்ணீரைக் கடலில் விடு என்று ஒருவன் என்னிடம் சொல்கிறான். வங்காளத்தில் தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே வளர்ந்தவனுக்கு அதன் அருமை எப்படித் தெரியும்?

மதகு வைக்கவில்லை. ஓட்டை என்று ஒன்று இருந்தால் அதன் வழியாகக் கடலும் வரும். எவ்வளவு சின்ன ஓட்டையானாலும் வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரையைத் தூக்கிப் போடாதே, ருக்கு வயிற்றிலிருந்தபோது போட்டாய்.

நாகமுத்து


அபர்டீன் பஜார்
4-4-1971

சுகமாக இருக்கிறேன். மாத்திரையை விழுங்குகிறேன். உதைக்கிறது.

மதகு வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, நான் சொல்லத்தான் போகிறேன். இது முதுகுளத்தூர் இல்லை. உங்கள் ஊரில் மழை விருந்தாளி, வந்தால் கதவைச் சாத்தி உள்ளே வைத்துக்கொள்ளலாம். இங்கே அது வீட்டுக்காரன். வைகாசியில் வந்தால் மார்கழி வரைக்கும் போகாது. மேட்டிலிருந்து இறங்குகிற தண்ணீர் முழுக்க அந்த ஓடை வழியாகத்தான் கடலுக்குப் போகும். அதன் வாயை அடைத்துவிட்டால் எங்கே போகும்? வயலில் ஏறும், மண்டல் வீட்டில் ஏறும், கடைசியில் உங்கள் கரையையே பிய்த்துக்கொண்டு போகும். அப்போது நீங்கள் கரை மேலே நின்றுகொண்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும் உங்களை.

போன கடிதத்தில் அந்த ஞானத்தின் முகத்தில் துப்புவேன் என்று எழுதினேன். இப்போதும் அதே கோபம்தான். ஆனால் சும்மா படுத்திருக்கும்போது ஒன்று தோன்றுகிறது. நான் அந்த மூடியைத் தப்பாகப் படித்திருக்கிறேன். கெட்டதுக்குள் நல்லது ஒளிந்திருக்கிறது என்று படித்தேன். நீங்கள் கறுப்பு மீன் கெட்டது, வெள்ளை மீன் நல்லது என்று படித்தீர்கள். அதில் நல்லது கெட்டது என்ற பேச்சே இல்லை. மழை நல்லதா, கடல் கெட்டதா? ருக்கு செத்ததில் ஒரு நல்லதும் இல்லை, இருக்கவும் இருக்காது. இரண்டில் ஒன்றை முழுக்க அடைத்து வைக்க முடியாது என்பது மட்டும்தான் அந்தப் பொட்டு. அடைத்தால் அது உள்ளேயிருந்து முளைக்கும்.

மெய்லான் வீட்டார் ஓடைக்கரையில் கீரைத் தோட்டம் போட்டிருந்தார்கள். அங்கேயும் கடல் ஏறும், இறங்கும். அவர்கள் கரையில் ஒரு மரத்தைக் குழாயாகக் குடைந்து வைத்திருந்தார்கள், அதன் வாயில் ஒரு பலகை தொங்கும். அந்தப் பலகையை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை, யாரும் மூடியும் பார்த்ததில்லை. உப்பு ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. அப்படி ஒன்றாவது வையுங்கள். உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன் என்று எழுத வேண்டுமா? எழுதிவிட்டேன்.

பாக்கியம்


வண்டூர்
22-4-1971

பாக்கியத்துக்கு,

கரை முடிந்தது. பௌர்ணமி ஏற்றத்துக்கும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஓடை இருந்த இடம் வெடித்துக் காய்ந்து கிடக்கிறது, அதன் மேல் நடந்து பார்த்தேன்.

நீ சொல்கிற ஓட்டையை வைக்க மாட்டேன். இன்னொரு முறை அதைப் பற்றி எழுதாதே. ஒரு தடவை உன் பேச்சைக் கேட்டதற்கு நான் கொடுத்தது போதும். பயப்படாதே, பயப்படாதே என்று சொல்லிச் சொல்லி நாலு வயசுப் பிள்ளையை ஏற்றத் தண்ணீருக்குள் நண்டு பிடிக்க அனுப்பியவள் நீ. இந்தப் பிள்ளைக்கு நான் வைத்ததுதான் சட்டம்.

நாகமுத்து


அபர்டீன் பஜார்
24-5-1971

நான் அனுப்பவில்லை. உலை கொதித்துக்கொண்டிருந்தது, திரும்பிப் பார்த்தேன், வாசலில் அவள் இல்லை. நான் அனுப்பவில்லை. இதை உங்களிடம் எத்தனை தடவை சொல்வது? எனக்கு நானே சொல்லிக்கொள்வது போதாதா?

ஒரு மாதம் எழுதக் கூடாது என்றிருந்தேன். இருந்தேன். இப்போது இங்கே மழை பிடித்துவிட்டது. பஜாரில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் அண்ணன் பேசுவதுகூடக் கேட்கவில்லை. வண்டூரில் எப்படி இருக்கிறது? வயலில் எவ்வளவு நிற்கிறது? முழங்காலா, இடுப்பா? அதை மட்டும் எழுதுங்கள். எனக்கு மறுமொழி சொல்ல வேண்டாம், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

பாக்கியம்


அபர்டீன் பஜார்
3-6-1971

பதில் இல்லை. ரோடு அறுத்துக்கொண்டுவிட்டதால் வண்டூர் பஸ் வரவில்லை என்கிறார்கள். இந்தக் கடிதம் எப்போது வருமோ தெரியாது.

அண்ணனை நடந்தாவது போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். கடையை யார் பார்ப்பது என்றான். நானே கிளம்பினேன், அண்ணி வயிற்றைக் காட்டித் திட்டி வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

கோபமாக இருங்கள், என்னைக் கொலைகாரி என்று சொல்லுங்கள், எல்லாம் சரி. கரை மேலே மட்டும் நிற்காதீர்கள். அது உடைந்தால் உடையட்டும். நீங்களும் போய்விட்டால், பிறக்கப் போகிற இதற்கு நான் யாரைக் காட்டுவேன்?

பாக்கியம்


வண்டூர்
11-6-1971

பாக்கியம்,

உயிரோடுதான் இருக்கிறேன். உன் இரண்டு கடிதமும் சேர்ந்து நேற்றுத்தான் வந்தன. எழுத்து புரியாவிட்டால் கோவிந்தராஜைப் படித்துக் காட்டச் சொல். இல்லை, வேண்டாம். நீயே படி.

மழை பிடித்ததிலிருந்து விடவில்லை. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கரைக்கு உள்ளே தண்ணீர் ஏறுவதை வேலை மெனக்கெட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நல்ல தண்ணீர், எல்லாம் என்னுடையது. எங்கள் அப்பா பார்த்திருந்தால் அழுதிருப்பார். முழங்காலைத் தாண்டியபோதும் நிறையட்டும் என்றேன். இடுப்புக்கு வந்தபோது நாற்று அழுகியது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். கடல் பக்கத்து மண் சரிகிறதா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் பௌர்ணமி. மத்தியான ஏற்றத்தில் கடல் கரையின் உச்சிக்குக் கீழே வந்து நின்றது. நான் கரை மேலே மண்வெட்டியோடு நின்றேன், நீ சொன்ன மாதிரியே. கடலைப் பார்த்து நின்றேன். வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தேன். வாடி, இப்ப வா பாப்போம் என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போது மண்டலின் பெண்டாட்டி அலறினாள். நான் கடலைத்தான் தேடினேன். கடலில் ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தால் என் வயலில் ஒரு சிவப்புத் துணி. அவர்கள் மினு, நம் ருக்குவோடு விளையாடுமே, அது வாத்துக் குஞ்சைத் துரத்திக்கொண்டு வரப்பு என்று நினைத்துக் கால் வைத்திருக்கிறது. வரப்பு தண்ணீருக்கு அடியில் இருந்தது.

குதித்தேன். எனக்கே மார்பளவு இருந்தது, பாக்கியம். நெல் விளைய வேண்டிய இடத்தில் எனக்கு மார்பளவு. முடியைப் பிடித்துத்தான் தூக்கினேன். தலைகீழாகப் பிடித்து முதுகில் அடித்தேன். கக்கியது. கக்கிவிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அதைத் தூக்கிக்கொண்டு கரையேறினேன்.

மண்டல் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பாய், ஆப்கா கேத் சமுந்தர் பன் கயா" என்றான். உன் வயல் சமுத்திரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நான் உள்ளே விட மாட்டேன் என்றது உள்ளேதான் இருந்தது. நான்தான் சேர்த்து வைத்தேன். உப்பு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடல் வற்றத் தொடங்கியதும் கரையை நானே வெட்டினேன். தண்ணீர் போன வேகத்தில் என்னையும் இழுத்தது. ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு நல்ல தண்ணீரும் கடலுக்குப் போவதைப் பார்த்தேன். எங்கள் ஊரில் இந்த வேலை செய்தவனைக் கட்டி வைத்து உதைப்பார்கள். பிறகு கடல் மறுபடி ஏறியது. வெட்டின வழியாகவே உள்ளே வந்தது. இப்போது வயல் முழுக்க உப்பு. மூடினால் மழை கொல்கிறது, திறந்தால் கடல் கொல்கிறது, எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மண்ணைத் தொடவே பயமாக இருக்கிறது.

வெட்டின இடத்தில் உன் மூடியைத் தேடினேன். கிடைக்கவில்லை. சேறுதான் இருந்தது.

நீ எழுதியிருந்த அந்தப் பலகை. யாரும் திறந்ததில்லை, யாரும் மூடினதில்லை என்றாயே, அது எப்படி? எந்தப் பக்கம் தொங்கும், வயல் பக்கமா, கடல் பக்கமா? உடனே எழுது.

நாகமுத்து


அபர்டீன் பஜார்
15-6-1971

கடல் பக்கம்.

உங்கள் கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன். அண்ணன் நாளைக்கு அந்தப் பக்கம் போகிற ஜீப்பில் கொடுத்து அனுப்புகிறான். பலகை கடல் பக்கம்தான் தொங்க வேண்டும், மாற்றித் தொங்கவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். மேல் விளிம்பை மட்டும் கட்டுங்கள், கீழே சும்மா இருக்கட்டும். கீல் போட்டால் உப்பில் துருப்பிடித்துவிடும், லாரி டயரை வாராக அறுத்து ஆணி அடியுங்கள். கடல் வற்றும்போது உள்ளே நிற்கிற மழைத் தண்ணீர் பலகையைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். கடல் ஏறும்போது அதே கடல் பலகையை அழுத்தி வாயை மூடிவிடும். திறப்பதும் தண்ணீர்தான், மூடுவதும் தண்ணீர்தான். அதனால்தான் மனிதர்கள் யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. சின்ன வயசில் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் நானும் மெய்லானும் தாயம் ஆடுவோம். அப்போது அது வெறும் பலகை.

மினுவுக்கு என் பேரைச் சொல்லி ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். நான் அங்கே வர வேண்டும் என்று நினைக்கிறேன், வரப் பயமாகவும் இருக்கிறது. ருக்குவுக்கு நான் பயப்படச் சொல்லிக் கொடுக்கவில்லை. நீங்கள் நீந்தச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெண் பிள்ளைக்கு எதற்கு என்றீர்கள், நானும் விட்டுவிட்டேன். ஆளுக்குப் பாதியை வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம். இந்தப் பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். அது உங்களால் முடியாது என்றால் இப்போதே எழுதிவிடுங்கள், நான் இந்தச் சாக்குக்குப் பின்னாலேயே அதை வளர்த்துக்கொள்கிறேன்.

மூடி போனால் போகட்டும்.

பாக்கியம்


வண்டூர்
24-6-1971

பாக்கியம்,

மண்டலிடம் போய் நின்றேன். மரம் குடைகிற வாய்ச்சியை எடுத்துக்கொண்டு வந்தான். விழுந்து கிடந்த மரம் ஒன்றை இருவரும் குடைந்து, வெட்டின இடத்தில் வைத்துக் கரையைக் கட்டினோம். டயரை மினு பிடித்துக்கொண்டது, நான் அறுத்தேன். அது முதலில் என் பக்கத்தில் வரவே இல்லை, அப்புறம் வந்தது.

முந்தாநாள் அமாவாசை. ருக்கு போனதும் ஒரு அமாவாசைதான் என்பது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றத்துக்கு முன்னாலேயே மதகின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். கையில் மண்வெட்டி வைத்துக்கொள்ளவில்லை. அதுவரை உள்ளேயிருந்து தண்ணீர் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கடல் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் பலகையைத் தொட்டது. பலகை ஆடியது. அதற்கப்புறம், நீ சொன்ன மாதிரி, கடலே தன் கையால் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றது. உள்ளே மழை தேங்கியது. நான் ஒன்றும் செய்யவில்லை. இந்த ஒரு பலகை அன்றைக்கு அங்கே தொங்கியிருந்தால் என்ற நினைப்பு வந்ததும் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதேன். மண்டல் தூரத்தில் நின்றான், பக்கத்தில் வரவில்லை.

வயலில் உப்பு இருக்கிறது. இந்த வருஷம் விளையாது. மழை கழுவிக்கொண்டு போனால் அடுத்த வருஷம் விளையலாம் என்கிறான் மண்டல். நிலத்தை விடுவார்களா, எடுப்பார்களா, தெரியாது. கேட்டுப் பார்க்கிறேன்.

நீந்தச் சொல்லிக் கொடுப்பது என்னால் முடியும். பயப்படச் சொல்லிக் கொடுக்க இப்போது என்னைவிட ஆள் இல்லை.

ரோடு சரியானதும் பஸ் ஏறி உன்னிடம் வருகிறேன். பிள்ளை பிறக்கும்போது அங்கே இருப்பேன். அதைத் தூக்கிக்கொண்டு நாம் வண்டூரில் இறங்கும்போது மேட்டைச் சுற்றிப் போவதா, ஓடை வழியாகப் போவதா என்று நீ சொல். நீ சொல்கிற வழியில் நடக்கிறேன்.

ருக்குவின் அப்பா